மரம் ஏறுவோருக்கும் இயந்திர வாள் பழகுவோருக்கும் காப்பு அணிகள்: எதை வாங்குவது, எதை விடுவது?



இடப்பெயர்வின் பின் ஊர் திரும்பும் குடும்பத்தை முதலில் எதிர்கொள்வது காடு. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியோர், பல ஆண்டுகளின் பின் விடுவிக்கப்பட்ட தம் காணிகளுக்குச் சென்றபோது, கூரையற்ற வீட்டுச் சுவர்களில் ஆலும் அரசும் வேரோடி நிற்கக் கண்டனர். 2009 இன் பின் வன்னிக்குத் திரும்பியோரின் தோட்டங்களும் பற்றைக்காடாகவே கிடந்தன. இன்னும் தம் காணிக்காகக் காத்திருக்கும் குடும்பங்களோ பிறர் காணியில் ஓலை வெட்டியும், தேங்காய் பிடுங்கியும், விறகு அரிந்தும் நாட்கூலி பெறுகின்றன. காணி கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் மரவேலை வாழ்வோடு ஒட்டியதாகிவிட்டது.

இந்நிலையில் இளைஞருக்கு இயந்திர வாள் பயிற்சி, மரம் ஏறும் பயிற்சி என்று அழைப்புகள் வருகின்றன. கடைகளிலும் தலைக்கவசம், கையுறை, இடுப்புப் பட்டி எனப் பலவும் தொங்குகின்றன. கையில் இருக்கும் சிறுதொகையைக் கொண்டு எதை முதலில் வாங்குவது, எது உயிரைக் காக்கும், எது காப்பது போலத் தோற்றம் மட்டும் தரும் என்பதே இப்பாடத்தின் பொருள்.

இதை நாம் சிறு விடயமாகக் கருதலாகாது. வீடு, மாடு, உழவு இயந்திரம், விதைநெல் எல்லாம் போன பின்பு குடும்பத்தின் கையில் எஞ்சிய ஒரே முதல் உழைப்பவரின் உடம்பு. அதுவும் போனால் ‘மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த’ கதைதான். அந்த முதலுக்கு வேலி அடைப்பது எவ்வாறு என்று பார்ப்போம்.

1. காப்பு அணி கடைசி வேலி

காப்பு அணி ஆபத்தை இல்லாமற் செய்வதில்லை. ஆபத்து வந்து மோதும்போது உடம்புக்கும் அதற்கும் இடையே நிற்கிறது, அவ்வளவே. ஆகவே அணியைப் பற்றி எண்ணுமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது, இம்மரத்தை வெட்டத்தான் வேண்டுமா? கொப்பைக் கழித்தால் போதுமாயின் மரத்தை வீழ்த்த வேண்டியதில்லை. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கு 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க. இயந்திர வாள் வைத்திருப்பதற்கான பதிவு விதிகளையும் பிரதேச செயலகத்தில் கேட்டறிதல் நன்று.

இரண்டாவது, நிலத்தில் நின்றே செய்ய முடியாதா? நீண்ட தடியிற் கட்டிய கொக்கச்சத்தகத்தால் எட்டும் ஓலைக்கும் குழைக்கும் மரம் ஏறுவது வீண் துணிவு.

மூன்றாவது, எந்த அணியாலும் காக்க முடியாத ஆபத்து இங்கே உண்டா? அத்தகைய ஆபத்துகள் நான்கு:

• மின்கம்பி. பச்சை ஓலையும் ஈரக் கொப்பும் மின்சாரத்தைக் கடத்தும். கம்பியோடு முட்டி நிற்கும் மரத்தில் தலைக்கவசமும் கையுறையும் பயன்படா. மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யாமல் அம்மரத்தைத் தொடலாகாது.

• வெடிபொருள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள்ளும், துப்புரவு செய்யப்பட்டதாக உறுதிப்படுத்தப்படாத காணிக்குள்ளும் கத்தியோடும் போகலாகாது, வாளோடும் போகலாகாது. சந்தேகத்துக்குரிய பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பிக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவித்தல் வேண்டும்.

• குளவி. பல ஆண்டுகள் ஆள் ஏறாத பனையிலும் தென்னையிலும் குளவிக்கூடு இருப்பது வழமை. கீழே நின்று நன்றாகப் பார்த்த பின்பே ஏற வேண்டும். கூடு இருந்தால் அன்று அம்மரம் வேண்டாம்.

• மரத்துள் புதைந்த இரும்பு. சண்டை நடந்த இடங்களில் ஷெல் துண்டும் சன்னமும் மரத்துக்குள் கிடக்கின்றன. மேலே பட்டை மூடியிருக்கும். தண்டிலே வடுவும் வீக்கமும், அரிந்த முகத்திலே கருநீலக் கறையும் கண்டால் இரும்பு உண்டு என்று ஐயுற வேண்டும். ஓடும் சங்கிலி இரும்பிற் பட்டால் பற்கள் மழுங்கும், சில வேளை சங்கிலியே அறுந்து வீசும். அத்தகைய மரத்தைக் கைவாளால் அரிவதே பொறுமையான வழி.

இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்பே அணியின் முறை வருகிறது.

2. தலை, கண், காது

மரவேலையில் மேலிருந்து விழுவனவே அதிகம்: காய்ந்த கொப்பு, மட்டை, தேங்காய், மேலே இருப்பவரின் கத்தி. ஆகவே தலைக்கவசம் மரத்தில் ஏறுபவருக்கு எவ்வளவு வேண்டுமோ, கீழே கயிறு பிடிப்பவருக்கும் அவ்வளவு வேண்டும். மேலே இருப்பவர் மட்டும் கவசம் அணிந்து, கீழே நிற்கும் உதவியாள் வெறுந்தலையோடு நிற்பதை நாம் பல இடங்களில் காண்கிறோம். இது தலைகீழான நடைமுறை.

மோட்டார் சைக்கிள் கவசம் இதற்கு ஏற்றதன்று. அது காதை மூடி, மேலே பார்க்கும் பார்வையை மறைத்து, வெய்யிலில் தலையை அவித்துவிடும். கட்டட வேலைக்குரிய கவசம் நிலத்தில் நின்று வாள் பிடிப்பவருக்குப் போதும். மரம் ஏறுபவருக்கோ நாடிப்பட்டி உறுதியான ஏறுகவசம் வேண்டும். கட்டடக் கவசத்தின் நாடிப்பட்டி ஓரளவு இழுப்புக்கே கழன்றுவிடுமாறு அமைக்கப்பட்டது. எங்கேனும் சிக்கினால் கழுத்தை நெரிக்காமல் இருப்பதற்காக. ஏறுகவசத்தின் பட்டியோ விழும்போதும் கழலாமல் இருக்குமாறு அமைக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். வேறுபாடு பட்டியில் இருக்கிறது.

வாங்கும்போது கவசத்தின் உட்புறத்தைப் பார்க்கவும். நல்ல கவசத்தில் செய்த மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். பிளாஸ்ரிக் வெய்யிலில் வலுவிழக்கும். வெடித்ததையும், நிறம் வெளிறிப் பொரிந்ததையும், ஒருமுறை பலமான அடி வாங்கியதையும் மீண்டும் பயன்படுத்தலாகாது. அதற்கு வர்ணம் பூசிப் புதிதாக்குவதும் தவறு.

கண்ணுக்கு: கவசத்தோடு வரும் வலைமுகமூடி மரச் சிராய்களைத் தடுக்கும், நுண்ணிய தூளைத் தடுக்காது. ஆதலால் அதன் உள்ளே ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் அணிதல் நன்று. இருட்டுக் கறுப்புக் கண்ணாடி மரநிழலில் பார்வையைக் குறைக்கும், நிறமற்றதே சிறந்தது.

காதுக்கு: இயந்திர வாளின் ஓசை 100 டெசிபலுக்கு மேற்பட்டது. 85 டெசிபல் ஓசையை ஒரு நாளில் எட்டு மணித்தியாலம் கேட்கலாம் என்பது தொழிற்சுகாதார நிபுணர் வைத்த வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும். அக்கணக்கின்படி 100 டெசிபலில் ஒரு நாளைக்குப் 15 நிமிடமே. ஆனால் நம் இளைஞரோ காலை தொடக்கம் மாலை வரை வெறுங்காதோடு அரிகின்றனர். காது நோகாமலே செவிடாகும். போன கேள்வி திரும்பாது. காதுமூடி விலை குறைந்த அணி, பயன் பெரியது. பஞ்சு அடைத்தல் இதற்கு ஈடாகாது.

3. கால்: பலர் வாங்காத, ஆனால் முதலில் வாங்க வேண்டிய அணி

சாரமும் செருப்புமாக இயந்திர வாள் பிடிப்பவரைக் காணாத ஊர் இல்லை. முழு விசையில் சங்கிலி வினாடிக்கு 20 மீற்றர் அளவு வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் தொடையைத் தொட்டால் கையை எடுப்பதற்குள் காயம் ஆழமாகிவிடும். தொடையில் ஓடும் பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் வைத்தியசாலை போகும் வரை உயிர் நில்லாமற் போகலாம்.

தடித்த ஜீன்ஸ் போதும் என்று சிலர் எண்ணுகின்றனர். அது போதாது. சங்கிலிக்கு ஜீன்ஸ் துணியும் சாரமும் ஒன்றே. தொங்கும் சாரமோ சங்கிலியிற் சிக்கி வாளைக் காலோடு இழுத்துவிடும்.

வாள்வேலைக்கென்று செய்யப்பட்ட காற்சட்டை வேறு வகையானது. அதன் உள்ளே நீண்ட, வலிமையான நார்கள் பல அடுக்காக வைக்கப்பட்டிருக்கும். சங்கிலி மேற்றுணியைக் கிழித்தவுடன் அந்நார்கள் வெளியே இழுபட்டு, சங்கிலியை ஓட்டும் பற்சில்லைச் சுற்றி அடைத்து, வாளை நிறுத்திவிடுகின்றன. வெட்டுப்படாத துணி என்று நினைக்க வேண்டாம். வெட்டுப்பட்டு, தன்னைக் கொடுத்து, வாளை நிறுத்தும் துணி அது. இதை விளங்கிக்கொண்டால் அதைப் பேணும் முறையும் விளங்கும்:

• ஒருமுறை வாள் பட்ட காற்சட்டையைத் தைத்து மீண்டும் பாவிக்கலாகாது. தைத்த நூல் நார்களை ஓரிடத்தில் பிணைத்துவிடும். பின்பு அவை இழுபடா.

• பைகளைப் புதிதாகத் தைத்தலும், நீளம் குறைக்க ஊடாகத் தைத்தலும் அதே காரணத்தால் கூடாது. பொருத்தமான அளவைத் தேடி வாங்குவதே வழி.

• சங்கிலி ஓயிலும் பெற்றோலும் ஊறினால் நார்கள் ஒட்டிக்கொள்ளும். கொம்பனி தந்த முறைப்படி கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். கொதிநீரில் அவிக்கலாகாது.

இக்காற்சட்டையில் கேடயத்தினுள் இயந்திர வாள் வரைந்த சிறு படக்குறி இருக்கும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவரும் அப்படத்தைத் தேடலாம். அதனருகே வகுப்பு எண் இருக்கும். வகுப்பு 1 என்பது வினாடிக்கு 20 மீற்றர் வேகத்துக்கும், வகுப்பு 2 என்பது 24 மீற்றருக்கும், வகுப்பு 3 என்பது 28 மீற்றருக்கும் சோதிக்கப்பட்டது. எண் கூடக் காப்புக் கூடும், ஆனால் பாரமும் வெப்பமும் கூடும். எமது வெக்கைக்கு வகுப்பு 1 சாதாரண வேலைக்குப் பொருந்தும். அணியாமல் வீட்டில் தொங்கும் வகுப்பு 3 ஐ விட, நாளும் அணியும் வகுப்பு 1 மேலானது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. காலின் முன்பக்கத்தை மட்டும் காக்கும் வகை ஒன்று. காலைச் சுற்றிலும் காக்கும் வகை மற்றொன்று. நிலத்தில் நிற்பவருக்கு முன்பக்கக் காப்புப் போதும். அவர் சாதாரண காற்சட்டையின் மேல் பட்டி வைத்துக் கட்டும் முன்மறைப்பையும் பாவிக்கலாம். அது விலை குறைவு, இளைப்பாறும்போது கழற்றலாம், பல அளவினருக்கும் பொருந்தும். மரத்தின் மேல் வாள் பிடிப்பவருக்கோ காலின் எப்பக்கமும் வாளுக்கு எதிர்ப்படும். அவருக்குச் சுற்றுக்காப்பே வேண்டும்.

வெக்கையைப் பற்றி ஒரு சொல். ‘இதைப் போட்டால் அவிந்து சாக வேண்டியதுதான்’ என்று இளைஞர் சொல்வது பொய்யன்று. அதற்கு மருந்து, அணியைக் கழற்றுவதன்று, நேரத்தை மாற்றுவது. விடியற்காலை தொடங்கிப் பத்து மணியுடன் வாளை நிறுத்தி, மற்ற வேளையில் கொப்பு இழுத்தல், அடுக்குதல் முதலியவற்றைச் செய்யலாம். தண்ணீர்ப் போத்தல் அணியோடு அணியாக இருக்கட்டும்.

4. பாதமும் கையும்

செருப்போடு வாள் பிடிக்கலாகாது. விரலுக்கு மேல் உருக்கு மூடியுள்ள, கணுக்காலை மூடிய சப்பாத்து வேண்டும். வாள்வேலைக்கென முன்பக்கக் காப்புள்ள சப்பாத்துகளும், இறப்பர்க் கம்பூட்சுகளும் உண்டு. அவற்றிலும் அதே வாட்படக்குறி இருக்கும். வயலுக்குப் போடும் சாதாரண கம்பூட்ஸ் பாம்புக்கும் சேற்றுக்கும் உதவும், வாளுக்கு உதவாது.

கையுறை, பிடி வழுக்காமலும் அதிர்வு சற்றுக் குறையவும் உதவும். விரலுக்கு அளவாக இருக்க வேண்டும். பெரிதான கையுறை விசையை உணர விடாது. இடுப்பளவும் கையளவும் சிறிதான பெண்களுக்கு ஆண்களின் அளவு அணியைக் கொடுத்துவிட்டு, ‘எல்லோருக்கும் கொடுத்தோம்’ என்று கணக்கு எழுதுவது முறையன்று. குடும்பப் பொறுப்பைத் தனித்துத் தாங்கும் பெண்கள் பலர் கதியால் வெட்டுகின்றனர், ஆட்டுக்குக் குழை வெட்டுகின்றனர். அணி கொடுக்கும் நிறுவனத்திடம் அவர்கள் தம் அளவைக் கேட்டுப் பெற வேண்டும்.

5. ஏறுவோருக்குப் பட்டியும் கயிறும்

எமது சீவல் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகத் தளநாரை மட்டும் நம்பிப் பனை ஏறி வந்தனர். அவர்களின் திறமைக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் தளநாரின் வேலை என்ன என்று சரியாக அறிய வேண்டும். அது ஏறுவதற்கு உதவும். கை நழுவினால் பிடிக்காது. மழையில் நனைந்த பனையும், பாசி பிடித்த தென்னையும், முதல்நாள் காய்ச்சலும் திறமையைப் பார்ப்பதில்லை.

கேரளத்தில் இந்தியத் தென்னை வளர்ச்சிச் சபை 2011 இல் ‘தென்னையின் தோழர்’ என்ற பயிற்சியைத் தொடங்கியது. இரு கால்களையும் மாட்டி, மாறிமாறி உயர்த்தி ஏறும் உருக்குப் பொறியை அங்கே இளைஞரும் பெண்களும் பழகினர். அத்தகைய பொறி தென்னைக்கு நன்று. மட்டையடிகள் ஒட்டியிருக்கும் பனையில் அது சீராக ஏறாது. பொறி இருந்தாலும் பட்டி வேண்டும்.

பட்டியில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். இடுப்பை மட்டும் சுற்றும் அகன்ற பட்டி, மரத்தோடு சாய்ந்து நின்று வேலை செய்ய உதவும். அதை மட்டும் நம்பி விழுந்தால் பட்டி வயிற்றையும் முள்ளந்தண்டையும் நெரிக்கும். தலைகீழானால் உடம்பே பட்டியிலிருந்து நழுவிவிடும். தோள், மார்பு, தொடை அனைத்தையும் இணைக்கும் முழு உடற்பட்டியே விழும் பாரத்தைத் தொடைகளிலும் இடுப்பிலுமாகப் பகிர்ந்து தாங்கும். ஹானஸ் என்று கடையில் கேட்டால் இரண்டையும் காட்டுவார்கள். தொடைப்பட்டி உண்டா என்று முதலில் பார்க்கவும். லொறி இருக்கைப் பட்டியிலும், பாரம் கட்டும் பட்டியிலும் கராஜில் தைத்தவற்றை உயிருக்கு நம்பலாகாது.

கயிற்றைப் பற்றி மூன்று விடயங்கள்:

முதலாவது, மாடு கட்டவும் வலை இழுக்கவும் விற்கும் நீலக் கயிறு ஆளைத் தாங்கும் கயிறு அன்று. வெய்யிலில் கிடந்தால் அது உள்ளே உக்கும். வெளியே நிறம் மட்டும் இருக்கும். ஏறுவதற்கான கயிறு 11 மில்லிமீற்றருக்குக் குறையாத பருமனில், வலிமையும் தரமும் குறித்த சீட்டோடு வரும். அக்கயிற்றால் மாடு கட்டுவதும் உழவு இயந்திரம் இழுப்பதும் கூடாது. ஒருமுறை இழுத்தால் அது ஆளுக்கு உதவாது.

இரண்டாவது, பனைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பனைமட்டையின் கருக்கு, கயிற்றுக்கு வாள். இடுப்புக் கயிற்றைக் கருக்குமட்டைகளுக்கு மேலாகச் சுற்றினால், சாய்ந்து ஆடும்போது அது கயிற்றை அறுக்கும். கருக்கைச் செதுக்கிவிட்டு, தண்டின் வெறுமையான பகுதியிற் கயிற்றைச் சுற்ற வேண்டும். இயலுமானால் உள்ளே உருக்குக் கம்பி ஓடும் இடுப்புக் கயிற்றைத் தெரிவு செய்ய வேண்டும். மரத்தின் மேல் வாளோ கத்தியோ பாவிப்பவருக்கும் அதுவே ஏற்றது. அப்போதும் ஒரு பிணைப்போடு நில்லாமல், வெட்டும் வேளையில் இரண்டாவது பிணைப்பையும் போட வேண்டும். ஒன்று அறுந்தால் மற்றது பிடிக்கும். பல வருடம் ஓலை வெட்டாத பனையில் காவோலைகள் பாவாடை போலத் தொங்கும். அவற்றின் கீழ் நுழைந்து வெட்டினால் முழுப் பாரமும் தலைமேல் சரியக்கூடும்.

மூன்றாவது, ஏறுமுன் கயிற்றை முழுநீளமும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மெலிந்த இடம், கட்டியான இடம், பொசுங்கி இறுகிய இடம் கண்டால் அந்நாளுடன் அக்கயிறு நின்றுவிட வேண்டும். பெற்றோல், பற்றரி அமிலம், வெய்யில் மூன்றும் கயிற்றின் பகைவர். கொளுக்கி தானாகத் திறவாத பூட்டுள்ளதாக இருக்க வேண்டும்.

மிகமிக முக்கியமான ஒன்று. பட்டியில் மயங்கித் தொங்குபவரை நெடுநேரம் விட முடியாது. கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து வரும். ஆகவே ஏறத் தெரிந்த இரண்டாவது ஆள், இரண்டாவது பட்டியோடு மரத்தடியில் இருக்க வேண்டும். ஒரு பட்டி வாங்குவது அரைவேலை. சோடியாக வாங்குவதே முழுவேலை.

6. வாளே ஒரு காப்பு

வாள் வாங்கும்போதும், இரவல் பெறும்போதும், முன்கைப்பிடிக்கு முன்னால் உள்ள கைக்காப்பையும் சங்கிலித் தடையையும் சோதிக்க வேண்டும். வாள் அலகின் நுனியின் மேற்பகுதி மரத்தில் முட்டினால் வாள் சடுதியாக மேலே, முகத்தை நோக்கி உதைக்கும். அவ்வேளையில் சங்கிலியை நிறுத்துவது அந்தத் தடையே. தடை கழற்றப்பட்ட வாளை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். வலது கை பின்பிடியிலும், இடது கை பெருவிரல் சுற்றியபடி முன்பிடியிலும் இருக்க வேண்டும். தோளுக்கு மேலே வாளை உயர்த்தலாகாது.

கைப்பிடி மேலே உள்ள சிறிய வாள் ஒன்று உண்டு. ஒரு கையாற் பிடிக்க வசதியாகத் தெரிவதால் இளைஞர் அதை விரும்புவர். அது மரத்தின் மேல் வேலை செய்யப் பயிற்சி முடித்தவருக்கென்று அமைந்தது. புதியவருக்கு அதுவே மிக ஆபத்தானது. உண்மையில் ஓலைக்கும் கதியாலுக்கும் நடுத்தரக் கொப்புக்கும் மரத்தின் மேல் உறையில் வைத்த வளைந்த கைவாளே போதும். நிலத்தில் வாளை நன்கு பழகாதவர் அதை மரத்துக்குக் கொண்டு போகவே கூடாது.

7. பணம் குறைவாயின் வாங்கும் ஒழுங்கு

எல்லாவற்றையும் ஒருநாளில் வாங்க முடியாது என்பதை நாம் அறிவோம். ஆகவே இவ்வொழுங்கைப் பரிந்துரைக்கிறோம்.

நிலத்தில் வாள் பிடிப்பவருக்கு: 1. முகவலையும் காதுமூடியும் உள்ள தலைக்கவசம். 2. கால் முன்மறைப்பு. 3. உருக்கு விரல்மூடிச் சப்பாத்து. 4. கண்ணாடியும் கையுறையும். முதல் இரண்டும் இல்லாமல் வாளை முடுக்கலாகாது.

ஏறுபவருக்கு: 1. முழு உடற்பட்டி. 2. உருக்கு உள்ளோடிய இடுப்புக் கயிறும் பூட்டுக் கொளுக்கியும். 3. ஏறுகவசம். 4. தரமான ஏறுகயிறு. முதல் மூன்றும் சேரும் வரை உயர்ந்த மரம் ஏறும் வேலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இருவருக்கும்: இரத்தப்போக்கை அழுத்தி நிறுத்தத்தக்க பெரிய கட்டுத்துணி, கைக்கெட்டும் தூரத்தில். அம்புலன்ஸ் அழைக்கும் 1990 இலக்கம் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். காணிக்கு வரும் வழியைச் சொல்லத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

தனிக் குடும்பத்தால் முடியாததைச் சங்கத்தால் முடிக்கலாம். கிராம அபிவிருத்திச் சங்கமோ, பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கமோ இரண்டு பட்டி, இரண்டு கவசம், இரண்டு முன்மறைப்பு வாங்கி, சிறு வாடகைக்கு விடலாம். காற்சட்டை, முன்மறைப்பு, கவசம், முகவலை பகிரலாம். சப்பாத்தும் காதிற் செருகும் அடைப்பும் பகிரலாகாது. பட்டியையும் கயிற்றையும் பகிர்வதாயின் ஒரு கொப்பி வேண்டும்: வாங்கிய திகதி, யார் எடுத்தார், எந்த மரம், விழுந்ததா, திரும்பியபோது எந்நிலையில் இருந்தது. விழுந்த ஒருவரைத் தாங்கிய பட்டி மீண்டும் பாவனைக்கு வரலாகாது. கொப்பி இல்லாவிட்டால் அது எந்தப் பட்டி என்று எவருக்கும் தெரியாது. பழைய பட்டி மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்று நாம் சொல்வதும் இதனாலேயே. அதன் வரலாறு நமக்குத் தெரியாது.

8. பயிற்சிக்கு அனுப்புமுன் கேட்க வேண்டியவை

உங்கள் மகனையோ மகளையோ பயிற்சிக்குச் சேர்க்குமுன் நடத்துவோரிடம் வெட்கமின்றிக் கேளுங்கள்:

• அணிகளை நீங்கள் தருவீர்களா, நாம் வாங்க வேண்டுமா? பயிற்சி முடிந்த பின் அவை யாருக்கு?

• முதல் நாளிலேயே வாளை முடுக்கச் சொல்வீர்களா, அதற்கு முன் வாளைக் கழற்றிப் பூட்டவும் சங்கிலி தீட்டவும் கற்பிப்பீர்களா?

• மேலே மயங்கியவரை இறக்கும் பயிற்சி உண்டா?

• ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்?

• காயப்பட்டால் செலவு யாருடையது? அதை எழுத்தில் தருவீர்களா?

கடைசிக் கேள்வியே கனமானது. வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு தரும் கட்டளைச் சட்டம் எமது நாட்டில் 1934 முதல் உண்டு. ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லாத நாட்கூலி வேலையில் அதைப் பெறுவது கடினம். சான்றிதழ் சுவரில் தொங்கும்; கால் போனால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

9. வேலைக்கு அழைப்பவரின் கடமை

இதுவரை வேலை செய்பவரைப் பற்றிப் பேசினோம். வேலைக்கு அழைப்பவருக்கும் ஒரு சொல். இணைச்சட்டம் நூலின் 22 ஆம் அதிகாரத்தில், புதுவீடு கட்டுபவர் தம் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் எனவும், எழுப்பாமல் ஒருவர் விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டுக்கு எனவும் கட்டளை உண்டு. 19 ஆம் அதிகாரமோ, காட்டிலே மரம் வெட்டுகையில் கோடரி இரும்பு காம்பிலிருந்து கழன்று அயலவரைக் கொன்றுவிடும் நிலையைப் பேசுகிறது. மரவேலையின் ஆபத்தும், அதை முன்னறிந்து தடுக்கும் கடமையும் இறைவனின் கவனத்துக்கு உட்பட்டவை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981 இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலிலும், உடல்நலத்துக்குக் கேடு தராத வேலைச்சூழல் தொழிலாளியின் உரிமை என வலியுறுத்தினார்.

ஆகவே ‘அவன் பழகின ஆள்தானே’ என்று சொல்லிவிட்டு நாம் திண்ணையில் இருக்கலாகாது. நம் வளவில் ஏறுபவரிடம் பட்டி உண்டா என்று கேட்பது நம் கடமை. இல்லையென்றால் சங்கத்தின் பட்டியை வாடகைக்கு எடுத்துக் கொடுத்து, அவ்வாடகையைக் கூலியிற் கழிக்காமல் நாமே கொடுப்பது நீதி. நாமும் ஏழைகளே என்பது உண்மை. ஆனால் ஏழை ஏழைக்குச் செய்யும் நீதியிலேயே ஊர் மீண்டும் ஊராகிறது.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் மரம் ஏறுவோர், வாள் பிடிப்போர் எத்தனை பேர்? அவர்களிடம் இன்று உள்ள அணிகள் எவை?

2. கடந்த காலத்தில் மரவேலையில் காயப்பட்ட குடும்பங்கள் எவை? அவை இப்போது எவ்வாறு வாழ்கின்றன? சங்கம் அவர்களுக்கு என்ன செய்தது?

3. சங்க நிதியிலிருந்து முதலில் வாங்க வேண்டிய ஒரு சோடி அணி எது? அதன் கொப்பியை யார் பொறுப்பெடுப்பது?

4. மின்கம்பியில் முட்டும் மரங்கள், துப்புரவு உறுதி செய்யப்படாத காணிகள் ஆகியவற்றின் பட்டியலைக் கிராம அலுவலரோடு சேர்ந்து தயாரிக்க முடியுமா?

5. மரம் ஏறுபவருக்குக் கூலி பேசும்போது அணிக்கான செலவையும் சேர்த்துப் பேச நாம் ஆயத்தமா?

இக்கேள்விகளுக்கு விடை கண்டபின், வரும் மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானமேனும் எழுத்தில் எடுங்கள். பெரிய தீர்மானம் தேவையில்லை. சங்க அலுமாரியில் இரண்டு பட்டி, இரண்டு கவசம், ஒரு கொப்பி இருந்தால் தொடக்கத்துக்கு அதுவே போதும்.